பவழமல்லி வரைக்கும்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. குரு என்றால் நரைத்த தாடி வேண்டும் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இந்தக் குரு ஸ்கூட்டரில் ஒயர் சுருள்களைக் கட்டிக்கொண்டு, சட்டைப்பையில் டெஸ்டரோடு வருகிறவள். பெயர் செல்வநாயகி. பொள்ளாச்சிப் பக்கம் வீட்டுத் தோட்டங்களுக்கு எல்.இ.டி. விளக்கு போட்டுத் தருவது அவள் தொழில்.

சீடர் பெயர் குழந்தைவேலு. வாழ்நாளெல்லாம் வீட்டு ஒயரிங் பார்த்தவர். ஏணி ஏற முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும், கணுக்கால் உயரத்தில் நடக்கிற இந்த வேலைக்கு வந்து சேர்ந்தார். அவர் அவளை "அம்மணி" என்பார். அவள் அவரை "அண்ணா" என்பாள். குரு, சீடர் என்பதெல்லாம் நாம் வைத்துக்கொண்ட பெயர்கள்.

சேர்ந்த புதிதில் குழந்தைவேலு ஒரு கேள்வி கேட்டார்.

"பன்னெண்டு வோல்ட்டுல என்னங்க அம்மணி இருக்குது? தொட்டாக்கூட அடிக்காது. இதுக்கெல்லாம் ஒரு பாடமா?"

செல்வநாயகி ஸ்கூட்டர் பக்கம் போனாள். மெல்லிய ஒயர் சுருள் ஒன்றைத் தெரு நீளத்துக்கு இழுத்தாள். வரிசையாக விளக்குகளைக் கோத்தாள். வீட்டுக் கரண்டைப் பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிற பெட்டியில் முனையைச் சொருகினாள். பெட்டிக்குப் பக்கத்து விளக்கு பளிச்சென்று எரிந்தது. போகப்போக மங்கியது. கடைசி விளக்கு தூங்கி வழிந்தது.

குழந்தைவேலு கடைசி விளக்கின் பக்கத்தில் குந்திப் பார்த்தார்.

"கடைமடைக்குத் தண்ணி வராத கதைங்களா?"

"அதேதானுங்கண்ணா. ஒயரு மெலிசா இருந்து தூரமும் கூடுனா கடைசி வெளக்குக்குப் பத்தாது. வீட்டு ஒயரிங்ல இது கண்ணுக்குத் தெரியாது. இதுல தெரியும்."

ஒரு தடவை காட்டியது போதும். விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வாரம், அமுதவல்லி என்கிற அம்மாள் வீட்டில் வேலை வந்தது. வயது அறுபதை ஒட்டி. கணவர் சண்முகசுந்தரம் வைகாசியில் போய்விட்டார். வீட்டுக்குப் பின்னால் நீளமான தோட்டம். அதன் கோடியில் ஒரு பவழமல்லி, அதனடியில் ஒரு கல் பெஞ்சு, பக்கத்தில் மோட்டார் ரூம். அடுப்படிக் கதவிலிருந்து மரம் வரைக்கும் பலகைக் கல் பதித்த வழி. கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம்.

அந்த அம்மாளுக்குப் பொழுது சாய்ந்தால் கண் சரியாகத் தெரியாது. போன மாதம் அந்த வழியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"எங்க வரைக்கும் வெளிச்சம் வேணுமுங்கம்மா?" என்று கேட்டாள் செல்வநாயகி.

"அந்தப் பவழமல்லி வரைக்கும்."

"வழிக்கு மட்டுமா, மரத்துக்கும் சேத்தியா?"

"மரத்துக்கும் சேத்தி. பொழுது சாஞ்சதும் அது பூ விரியும் கண்ணு. மொதப் பூவ யாரு பாக்கறதுன்னு எனக்கும் அவருக்கும் போட்டி. பாதி நாள் அவரு பொய் சொல்லி ஜெயிச்சிருவாரு. இந்த வருசம் போட்டிக்கு ஆளில்ல. ஆனா நான் பாப்பேன்."

"இப்பப் போறதில்லீங்களா?"

"எங்க உடறாங்க. பொழுதாச்சுன்னா ஒறம்பரை சனம் பூரா வந்து என்னய நடுவீட்டுல உக்கார வச்சுச் சுத்தி உக்காந்துக்குது. நான் அழுதா நல்ல பொம்பள. தோட்டத்துக்குப் போறேன்னா புத்தி பேதலிச்சவ. விழுந்ததுல இருந்து அவங்களுக்கு ஒரு சாக்கும் கெடச்சுப் போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பில் சமாதானம் ஒன்றும் இல்லை. தன் சாயங்காலத்தை யாரோ எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதைத் திரும்ப வாங்காமல் விடப்போவதில்லை என்கிற கோபம்தான் இருந்தது.

வழியை அளந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மதிலோரம் இருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். செத்துப்போன சண்முகசுந்தரத்தின் அண்ணன், மாரப்பன். வந்தவர் நேராகக் குழந்தைவேலுவிடம் போனார்.

"ஏனுங்க, நீங்கதான் மேஸ்திரிங்களா?"

"இல்லீங்க. அம்மணிதானுங்க."

மாரப்பன் அம்மணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் குழந்தைவேலுவிடமே பேசினார்.

"தம்பி போயி இன்னும் வருசம் திரும்பலீங்க. தீவாளிக்கு வெளக்குப் போடல, பலகாரம் சுடல. இப்பத் தோட்டம் பூரா லைட்டப் போட்டு கண்ணாலத்து வீடாட்டம் பண்ணுனா பாக்கறவன் என்ன பேசுவான்? உங்களுக்குத் தெரியாததா. நீங்க பெரியவரு."

குழந்தைவேலுவுக்கு அது சுருக்கென்று பட்டது. அவர் மனைவி ராமாத்தாள் இறந்தபோது, அவர் ஒரு வருசம் வாசல் பல்பைப் போடவில்லை. ஊருக்கெல்லாம் லைன் இழுத்த மனுசர், அடுப்படியில் மட்டும் ஒரு ஜீரோ வாட் பல்பை வைத்துக்கொண்டு அதன் கீழேயே சாப்பிட்டு எழுந்தார். மகள்கள் இரண்டு பேரும் வந்து கெஞ்சிப் பார்த்தார்கள். அவர் அசைந்து கொடுக்கவில்லை. அந்த இருட்டு ராமாத்தாளுக்குத் தான் செய்த மரியாதை என்பது அவர் எண்ணம். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

இந்த அம்மாளுக்கு ஆறு மாதத்துக்குள் விளக்கா என்று தோன்றியது.

கிளம்பும்போது செல்வநாயகி சொன்னாள்.

"அண்ணா, நாளைக்கு எனக்கு உடுமலைல வேல. இங்க நீங்களே லைன் இழுத்துருங்க. பொழுதோட வந்து எரிய வச்சுப் பாக்கலாம்."

தனியாக ஒரு வேலையை அவரிடம் விடுவது இதுதான் முதல் தடவை. குழந்தைவேலு நிமிர்ந்து நின்றார்.

"செஞ்சறலாமுங்க."

"ஒண்ணே ஒண்ணு. எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு அந்தம்மாகிட்டக் கேட்டுட்டு ஆரம்பிங்க."

மறுநாள் அவர் கேட்டார். அந்த அம்மாளிடம் அல்ல. மாரப்பன் நாற்காலி கொண்டுவந்து போட்டார், டீ கொண்டுவந்து கொடுத்தார், குழந்தைவேலு அவரிடம் கேட்டார். அமுதவல்லி இரண்டு தடவை அடுப்படிக் கதவு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தார். "நாங்க பாத்துக்கறோமுங்கம்மா" என்று பதில் வந்தது. தோட்டம் அவருடையது, நடக்கப் போகிற கால் அவருடையது, முடிவெடுக்கிறவர்கள் மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள். நாட்டில் இது புதிதா என்ன.

"போடாம இருக்க வழியில்லைன்னா, கண்ணுல படாம போட முடியுங்களா?" என்றார் மாரப்பன்.

குழந்தைவேலு டம்ளரைக் கீழே வைத்தார்.

"முடியுமுங்க."

பெட்டியை வீட்டுப் பக்கச் சுவரில், மதில் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார். சுருள்களில் இருந்ததிலேயே மெல்லிய ஒயரை எடுத்தார். எல்லா விளக்கையும் ஒரே சரமாகக் கோத்துக்கொண்டே போய்ப் பவழமல்லியடியில் முடித்தார். விளக்கு போட்டதாகவும் ஆயிற்று, போடாததாகவும் ஆயிற்று. இரண்டு பக்கமும் பழுதில்லாமல் செய்துவிட்டோம் என்று அவருக்குத் திருப்தி.

செல்வநாயகி எப்போதும் ஒயரை முதலில் மண்ணுக்கு மேலேயே போட்டு எரிய வைத்துப் பார்ப்பாள். எல்லாம் சரியென்றால்தான் பள்ளம் தோண்டிப் புதைப்பது. அன்று சாயங்காலம் வந்ததும் பெட்டியைப் போடச் சொன்னாள். அடுப்படிப் பக்கம் பளிச்சென்று வந்தது. பாதித் தோட்டத்துக்கு மேல் வெளிச்சம் இளைத்துக்கொண்டே போனது. மரத்தடியில் ஒரு விளக்கு இருப்பதே சொன்னால்தான் தெரியும்.

"ஏங்கண்ணா கோடில மங்குது?"

"தூரமுங்க அம்மணி."

"சரிங்க."

அமுதவல்லி கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கினார். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டார். ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் காலை வைத்தார். பாதி வழி தாண்டியதும் நின்றார்.

"இதுக்கு மேல கல்லுத் தெரியல கண்ணு."

மதில் கதவருகே நின்றிருந்த மாரப்பன், "பாத்தாச்சில்ல, இத்தோட போதும்" என்று சொல்லிப் பெட்டியை அணைத்தார்.

தோட்டம் முழுக்க இருட்டாகிவிட்டது. நடுவில் அமுதவல்லி.

"அமுதா, உள்ள வா."

கைத்தடியைக் கல்லில் அழுத்தி ஊன்றுகிற சத்தம் கேட்டது.

குழந்தைவேலு பதறிப்போய்ச் செல்போனை எடுத்தார்.

"அம்மா, அசையாம நில்லுங்க. டார்ச் அடிக்கறேன்."

"டார்ச் வேண்டாமுங்க. அணச்சவரப் போடச் சொல்லுங்க."

"ஏம்மா இப்படி வம்பு பண்ற?" என்றார் மாரப்பன். "விழுந்து வெச்சீன்னா யாரு பாக்கறது?"

"விழுந்தா என்ற சொந்த மண்ணுலதான மாமா விழறேன்."

"பனி எறங்குது."

"எறங்கட்டும்."

"எத்தன நேரம் நிப்ப?"

"போட்டா நடப்பேன். போடாட்டி நிப்பேன். உள்ள மட்டும் வர மாட்டேன்."

குரல் உயரவில்லை. மார்க்கெட்டில் கத்தரிக்காய் வேண்டாம் என்று சொல்கிற மாதிரிதான் இருந்தது.

குழந்தைவேலு குருவைத் தேடினார். அவள் அடுப்படிப் படியில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, ஏதாச்சும் பண்ணுங்க."

"நான் என்னங்கண்ணா பண்றது. நீங்க போட்ட லைன்."

அவருக்குக் கோபம் வந்தது. குரு மேல் வந்தது, மாரப்பன் மேல் வந்தது, இருட்டில் நிற்கிற பிடிவாதக்காரி மேலும் வந்தது. அந்தக் கோபத்தோடேயே பெட்டியருகே போனார். மாரப்பனின் கை இன்னும் அதன் மேல்தான் இருந்தது.

"கைய எடுங்க."

"என்னங்க, நீங்களே இப்படி..."

"கைய எடுங்கன்னேன்."

மாரப்பன் கையை எடுத்தார். குழந்தைவேலு விளக்கைப் போட்டார்.

அமுதவல்லி நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். ஒரு எட்டுகூட இந்தப் பக்கம் வைத்திருக்கவில்லை. மரத்தடிப் பக்கம் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றித் திரும்பி வந்தார். மாரப்பனைத் தாண்டும்போது, "நாளைக்கும் போவேன் மாமா" என்றார்.

மாரப்பன் போனதும் குழந்தைவேலு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"தூரம்னு நான் சொன்னது பொய்யிங்க அம்மணி. வேணும்னேதான் மங்க வச்சேன்."

செல்வநாயகி எழுந்து தோட்டத்துக் கோடிக்குப் போனாள். பவழமல்லியடியில் இருந்த விளக்கைக் கழற்றினாள். அங்கிருந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டே திரும்பி வந்து, சுருளை அவர் கையில் கொடுத்தாள்.

"காலைல மம்பட்டி எடுத்துட்டு வந்துருங்கண்ணா."

காலையில் குழந்தைவேலு மம்பட்டியோடு அடுப்படிக் கதவைத் தட்டினார்.

"அம்மா, எங்கிருந்துங்க ஆரம்பிக்கறது?"

அமுதவல்லி யோசிக்கவே இல்லை.

"மரத்துல இருந்து."

அது நடக்கிற காரியமா என்று அவர் கோடிக்குப் போய்ப் பார்த்தார். மோட்டார் ரூமுக்குள் ஒரு பிளக் பாயிண்ட் சும்மா கிடந்தது. முந்தின நாளும் அது அங்கேதான் இருந்தது. அவர் கண்ணில் படவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் பார்க்கிற எண்ணமே அவருக்கு இல்லை.

பெட்டியைக் கழற்றிக்கொண்டுபோய் மோட்டார் ரூமுக்குள் மாட்டினார். தடித்த ஒயர் எடுத்தார். முதல் விளக்கு பவழமல்லியின் அடிமரத்தில், கிளைகளைப் பார்த்து. அங்கிருந்து ஒவ்வொரு கல்லாக வீட்டைப் பார்த்து லைன் வந்தது. அடுப்படியை நெருங்கும்போது விளக்கு துளி மங்கினாலும் கவலையில்லை, அங்கேதான் அடுப்படி டியூப் லைட் இருக்கிறதே. ஈர மண் மம்பட்டிக்கு நன்றாகவே இடம் கொடுத்தது. முழங்கால்தான் கொடுக்கவில்லை. அன்று அதை அவர் சட்டை செய்யவில்லை.

செல்வநாயகி கூடவே பள்ளம் தோண்டினாள். ஒரு வார்த்தை திருத்தவில்லை.

வேலை முடிகிற நேரம் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து சின்ன ரிமோட் ஒன்றை எடுத்துக் குழந்தைவேலுவிடம் கொடுத்தாள். வீட்டிலிருந்தே விளக்கைப் போடலாம், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே அணைக்கலாம். அவர் அதை எடுத்துக்கொண்டு அமுதவல்லியிடம் போனபோது மாரப்பன் வந்துவிட்டார்.

"அதை இங்க குடுங்க. நான் பாத்துப் போட்டு உடறேன்."

குழந்தைவேலு அவரைத் தாண்டிப் போய் அமுதவல்லியின் கையில் கொடுத்தார். அமுதவல்லி ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, முந்தானையில் வைத்து இறுக்கி முடிந்துகொண்டார்.

"இனிமே அவுக்கறது நான் மட்டுந்தான் மாமா."

பொழுது சாய்ந்தது. அமுதவல்லி அடுப்படிப் படியில் நின்று பொத்தானை அழுத்தினார். கோடியில் பவழமல்லி முழுதாகத் தெரிந்தது, அடிமரம், கிளை, இலைக்கு இடையில் விரியக் காத்திருந்த மொட்டு வரைக்கும். அங்கிருந்து இங்கு வரை ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. அவர் இறங்கி நடந்தார். வேகமாக நடக்கவில்லை, நிற்கவும் இல்லை. கல் பெஞ்சுக்குப் போய், ஈரத்தைக் கையால் துடைத்துவிட்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்தார். இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தே பழகியவர்.

மதிலுக்கு அப்பால் இருந்து மாரப்பனின் குரல் வந்தது.

"ஊரு சிரிக்கும் அமுதா."

"சிரிக்கறவங்கள இங்க வரச் சொல்லுங்க மாமா. பெஞ்சுல இன்னும் ஒரு ஆளுக்கு எடமிருக்குது."

மாரப்பனும் கூடப் பிறந்த தம்பியைப் பறிகொடுத்தவர்தான், அந்தத் துக்கம் பொய் இல்லை. மதில் கதவில் கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் அந்த மரத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

சிறிது நேரத்தில் அமுதவல்லி தலையை அண்ணாந்து, யாரிடமோ சொல்வதுபோல, "நாந்தான் பாத்தேன்" என்றார்.

வாசலில் செல்வநாயகி மிச்ச ஒயரை ஸ்கூட்டரில் கட்டினாள். மம்பட்டியையும் சேர்த்துக் கட்டினாள். வண்டியைக் கிளப்பினாள். குழந்தைவேலு ஏறவில்லை.

"என்னங்கண்ணா?"

"ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளுங்க."

"ராமாத்தா போனப்ப நான் வருசம் பூரா வாசல்ல லைட்டுப் போடல. புள்ளைங்க வந்து அழுதுச்சுங்க. அப்பவும் போடல. இந்தம்மா செஞ்சதுதான் சரின்னா, நான் செஞ்சது என்னங்க? ஒரு வருசம் இருட்டுல உக்காந்து கெடந்தனே, அது பைத்தியக்காரத்தனமா?"

செல்வநாயகி வண்டியை அணைத்தாள்.

"இதுக்கு நீங்க ஒயரக் கியரக் காட்டித் தப்பிக்க முடியாது. வாயத் தொறந்து சொல்லோணும். சொல்லாட்டி நான் வண்டில ஏற மாட்டேன், நடந்தே போயிக்கறேன்."

அந்த ஒரு வருசத்தை யாராவது தொட்டால் அவருக்குத் தாங்காது. அதைத் தவிர ராமாத்தாளுக்கு என்று அவர் செய்தது வேறு எதுவும் இல்லை.

செல்வநாயகி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அந்த வருசம் உங்க வீட்டுல சுவிட்சு யாரு கையில இருந்துச்சுங்கண்ணா?"

"என்ற கையிலதானுங்க" என்று சொல்லிக் குழந்தைவேலு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.